பட்டியலில் இல்லாத பெயர்

கண்ணு,

நீ எழுதி அனுப்பிய கல்யாணப் பட்டியல் திங்கட்கிழமை தபாலில் வந்து சேர்ந்தது. யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு நுணுக்கி எழுதியிருக்கிறாய். யாராவது விட்டுப்போயிருந்தால் நைனா சேர்த்துவிடட்டும் என்று கடைசியில் ஒரு வரி வேறு. இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் உன் அம்மாவே சிரிப்பாள். அவளுக்கு முழங்கால், எனக்குக் கண். பட்டியலை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துத்தான் படித்தேன். மூன்று நாளில் மூன்று தடவை படித்தாயிற்று. டேனரி மேனேஜர் இருக்கிறார், உன் கணக்கு வாத்தியார் இருக்கிறார், குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருக்கும் பெரியம்மா வீட்டில் நண்டு சிண்டு வரைக்கும் இருக்கிறது. நம் பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்கூட இருக்கிறார். நாசர் இல்லை. அது மறந்து விட்டுப்போன பெயர் அல்ல, நீ நினைத்தே விட்ட பெயர். அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்க்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஏன் சேர்த்தேன் என்று உனக்குச் சொல்லத்தான் இத்தனை காகிதம் வேண்டியிருக்கிறது.

எழுத அலுப்பாகத்தான் இருக்கிறது. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசின் பேச்சைக் கேட்டுத்தான் ஏழு வருஷம் போயிற்று. வருகிற தை மாதத்தோடு என்னை டேனரி வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். பார்வை போன செலக்டரை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்? விரலால் தடவியே இன்னும் பாதிக் குறையைச் சொல்லிவிடுவேன் என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, மீதிப் பாதியை யார் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் அது எனக்குள் எப்படி ஊறியது என்பதை உன்னிடம் சொன்னதில்லை. பதப்படுத்தி வந்த தோலை மேசைமேல் விரித்து, தடவி, புரட்டி, தரம் பிரிக்க வேண்டும். உண்ணிக் கடி, கத்தி வெட்டு, சூடு போட்ட தழும்பு, எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது, முதல் தரத்தில் எண்ணிக்கை குறைகிறது என்று, கத்தி வெட்டு விழுந்த நாலைந்து தோலைக் கட்டுக்கு நடுவில் சொருகிவிட்டேன். மேலேயும் கீழேயும்தானே பார்ப்பான் என்று நினைத்தேன். சரக்கு வாங்கிய வெளிநாட்டுக்காரன் கட்டை நடுவிலிருந்து பிரித்தான். மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. அன்றைக்கு இருந்த மேனேஜர் என்னைத் திட்டவில்லை. “குறைய நீயே வட்டம் போட்டுக் குடுத்துட்டா வெலய கம்மி பண்ணுவான், அவ்ளோதான். அவனா கண்டுபுடிச்சா நல்ல தோலையும் நம்ப மாட்டான்யா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அதற்குப் பிறகு எந்தத் தோலும் என் மேசையை விட்டுச் சாக்பீஸ் வட்டம் இல்லாமல் குறையோடு போனதில்லை. இந்தப் பழக்கம் டேனரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வீட்டுக்கும் வந்துவிட்டது. உன் அத்தையைப் பெண் பார்க்க அணைக்கட்டிலிருந்து வந்தவர்களிடம், மழைக்காலத்தில் அவளுக்கு இழுப்பு வரும் என்று நானே சொன்னேன். அவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்கள். அத்தை ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

நீ வேலூரில் சரித்திரம் படித்து முடித்தபோது, ஆசிரியர் பயிற்சிக்குப் போவாய், பக்கத்தில் எங்காவது வாத்தியாராக இருப்பாய் என்று நினைத்திருந்தோம். உன்னோடு கூடவே காலேஜில் படித்த நாசர்தான் பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்தான். டெல்லியில் ஒரு சர்க்கார் பல்கலைக்கழகம், சர்வதேச உறவுகளும் பாதுகாப்பும் என்று ஒரு எம்.ஏ. படிப்பு. பாதுகாப்பு என்றதும் உன் அம்மா, “துப்பாக்கி புடிக்கணுமாடா?” என்று கேட்டாள். “இல்லம்மா, துப்பாக்கி புடிக்கறவன் ஏன் புடிக்கிறான்னு படிக்கணும்” என்றாய். நாட்டுக்கும் நாட்டுக்கும் இருக்கிற உறவு என்று எனக்கு விளக்கினாய். “உன் பெரியப்பன் வூட்டுக்கும் நம்ம வூட்டுக்கும் ஒரு வேலித் தகராறு பத்து வருஷமா நிக்குது, மொதல்ல அதப் படிச்சுத் தீத்து வையி” என்று நான் சொன்னதற்கு நாசர் விழுந்து விழுந்து சிரித்தான். அப்ளிகேஷனைப் பூர்த்தி செய்ததும் அவன்தான், அதை ரிஜிஸ்டர் தபாலில் சேர்க்க வாலாஜாபேட்டை வரைக்கும் உன்னோடு பஸ்ஸில் வந்ததும் அவன்தான். இங்கே போஸ்டாபீஸ் இல்லையா என்று கேட்டதற்கு, அங்கே அவன் மாமா போஸ்ட்மாஸ்டர், சீல் அழுத்திக் குத்துவார் என்றான். நீ டெல்லிக்கு ரயிலேறிய மாதம் அவன் எங்கள் டேனரியிலேயே லாரி புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்தான். படிப்பில் அவன் உனக்குக் குறைந்தவன் இல்லை, அவன் வீட்டில் அவனுக்குப் பின்னால் நாலு பேர் இருந்தார்கள்.

ஒரு லீவுக்கு வந்தபோது நீ டேனரிக்கு என்னைப் பார்க்க வந்தாய். நாசரும் இருந்தான். மதியச் சோறு முடிந்து தோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, பெரிய நாடுகள் ஒன்றின் குண்டை ஒன்று எப்படி எண்ணுகின்றன என்று சொன்னாய். ஒருவன் சொல்லை ஒருவன் நம்ப மாட்டான், அதனால் எதிராளி ஊருக்குள் வந்து பார்த்துச் சரிபார்க்க ஒப்பந்தம் போட வேண்டும், அந்த ஒப்பந்தத்தில்தான் பாதிச் சண்டையே என்றாய். “இது எங்க செலக்‌ஷன்தாண்டா. அவனவன் குறைய அவனவனே வட்டம் போட்டுக் குடுத்துட்டா தீந்துது” என்றேன். நீ சிரித்தாய். “எந்த நாடாவது தன் குறையத் தானே எழுதிக் குடுக்குமா நைனா? குடுத்தா அடுத்த நாளே மேல வுழுந்துடுவான்” என்றாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. படித்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். நீ சொன்னதை அன்றைக்குக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. நீயும் நாசரும் காலேஜில் படித்தபோது, டேனரி போனஸ் ஸ்ட்ரைக்குக்கு நோட்டீஸ் ஒட்டப் போய், போலீஸ் உங்களைப் பிடித்து ஸ்டேஷனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டு அனுப்பியதே, அது எனக்கு அன்றைக்கே தெரியும். கேட் வாட்ச்மேன் பார்த்துவிட்டு வந்து என் காதில் போட்டான். கேஸ் இல்லை, எழுத்து இல்லை, புத்தி சொல்லி விட்டுவிட்டார்கள். வீட்டில் சொல்லக்கூடாது என்று நீங்கள் இருவரும் சத்தியம் செய்துகொண்டிருப்பீர்கள். தோளுக்கு மேல் வளர்ந்தவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் கிளம்பியது.

நீ எம்.ஏ. முடித்து, ஆராய்ச்சியும் எழுதி, டெல்லியில் அந்தச் சர்க்கார் ஆபீஸ் வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி என்று எழுதியிருந்தாய். வேலூரிலிருந்து மஃப்டியில் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். தெருவில் நாலு பேரை விசாரித்துவிட்டு டேனரிக்கு வந்து, என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தார். “எல்லாரும் பையனப் பத்தி நல்லாத்தான் சொல்றாங்க. ஒரு குறையும் இல்ல போலக்குதே?” என்றார். என் கையில் சாக்பீஸ் இருந்தது, என் முன்னால் தோல் விரித்துக் கிடந்தது. குறையே இல்லாத தோலை நான் பார்த்ததில்லை. நாளைக்கு டெல்லியில் எவனாவது கண்டுபிடித்தால் உன்னை முழுசாக நம்பாமல் போவார்களே என்று தோன்றிவிட்டது. ஸ்ட்ரைக்கையும் ஸ்டேஷனையும் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “பெரியவரே, ஸ்டேஷன்ல இதுக்கு ரிக்கார்டே கிடையாது. இத நான் எழுதணுமா?” என்று கேட்டார். கேட்டார் கண்ணு. எனக்கு வழி விட்டார். “எழுதுங்க சார், மறைச்சா பின்னாடி பேஜாரு” என்று சொன்னது நான்தான். சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

வேலை இல்லை என்று ஆனபிறகு நீ ஊருக்கு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஸ்டேஷன் சமாசாரம் ரிப்போர்ட்டில் இருந்தது என்று அந்த ஆபீஸில் யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. உன் டிரங்குப் பெட்டியை இறக்க நானும் நாசரும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தோம். அவன் சைக்கிளைக் கேரியரில் கயிறு கட்டித் தயாராகக் கொண்டுவந்திருந்தான். நீ இறங்கினாய், பெட்டியை என் கையில் கொடுத்தாய், நேராக அவனிடம் போனாய். “நீதானே சொன்ன?” என்று கேட்டாய். அவனுக்கு என்னவென்றே புரியவில்லை. “உன்னையும் என்னையும் தவிர அது யாருக்குடா தெரியும்?” என்றாய். நான் சொல்லலடா, சத்தியமா சொல்லல என்றான். நீ கத்தினாய். “உங்கள மாதிரி ஆளுங்கள நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்.” நீ எந்த அர்த்தத்தில் சொன்னாயோ, கோபத்தில் வந்த வார்த்தையாகத்தான் இருக்கும். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவன் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தார்கள். அவனும் அவர்கள் பார்ப்பதைப் பார்த்தான். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கனமான பெட்டி, கீழே வைத்துவிட்டு நாலடி வந்து, நான்தாண்டா சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஊரான் தோலுக்கெல்லாம் வட்டம் போட்டவன் என் குறை வெளிச்சத்துக்கு வந்தபோது கட்டுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டேன். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அந்த வருஷத்திலிருந்து பக்ரீத்துக்கு அவன் வீட்டிலிருந்து நமக்குப் பிரியாணி வருவது நின்றது. ஏன் என்று உன் அம்மா இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீ கோபித்துக்கொண்டு வடக்கே போய்விட்டாய். நாசரும் நானும் ஒரே டேனரி, ஒரே கேட். அவன் என்னைப் பார்க்காமல் போவான் என்று எதிர்பார்த்தேன், அவன் எப்போதும்போல “சாப்ட்டீங்களா நைனா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவான். நீ விட்டுப்போன பெட்டியில் உன் ஆராய்ச்சிப் புத்தகம் இருந்தது, டைப் அடித்து பைண்டு பண்ணியது. என் பிள்ளை என்னதான் எழுதியிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை. எனக்கு இங்கிலீஷ் டேனரி இங்கிலீஷ்தான். வேறு யாரிடம் கேட்பது? வெட்கத்தை விட்டு அவனிடமே கொண்டுபோனேன். அவன் ஒரு நிமிஷம் உன் பெயரைத் தடவிப் பார்த்தான். பிறகு சோற்று வேளையில் தினம் நாலு பக்கம் படித்துத் தமிழில் சொன்னான். இரண்டு மாதம் ஆயிற்று. தப்பெண்ணம் எப்படி யுத்தமாகிறது என்று எழுதியிருக்கிறாய். ஒருத்தன் தன் பயத்தால் படையை நகர்த்துவான், எதிராளி அதைத் திமிர் என்று நினைப்பான் என்றெல்லாம் அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது அத்தியாயத்தில் ஓர் இடம் வந்தது. ரகசியம் எங்கே கசிந்தது என்று தெரியாதபோது ஒரு நாடு நிஜமான ஓட்டையைத் தேடாது, ஏற்கெனவே சந்தேகப்பட வசதியாக இருக்கிறவன் மேல் பழியைப் போடும், பழி சுமந்தவன் மறுத்தால் மறுப்பதே சாட்சியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதியதுதான். அதைச் சொல்லிவிட்டு நாசர் புத்தகத்தை மூடினான்.

“நல்லா எழுதிக்கிறான் நைனா” என்றான். புத்தகத்தை என் பக்கம் தள்ளினான். “அந்த மஃப்டிகாரர் கிட்ட நீங்கதானே சொன்னீங்க?” என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அவரு வந்த அன்னிக்கு நான் லாரிக்குச் சீட்டு எழுதினுருந்தேன். உங்க மேசைல அர மணி நேரம் உக்காந்தாரு. நீங்க இன்னா சொல்லிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? தோல்ல ஊசி முனை இருந்தாலே வட்டம் போடற ஆளு.” அப்போதும் அவன் குரலில் கோபம் இல்லை. ஏண்டா அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவனுக்கு வேல பூடுச்சு. உங்களையும் சேத்து வுட்டுட்டா அவனுக்கு யாரு இருக்கா? தோஸ்து வேற கெடைப்பான் நைனா” என்றான். அன்றைக்காவது நான் உனக்கு எழுதியிருக்க வேண்டும். சரி, அவனே பெருந்தன்மையாக இருக்கிறான், அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவனுடைய பெருந்தன்மையை ஏழு வருஷம் உட்கார்ந்து தின்றேன். உனக்கு அவனைப்போல ஒரு தோஸ்து அப்புறம் கிடைத்தானா என்று எனக்குத் தெரியாது. பட்டியலில் டெல்லி பெயர்கள் நிறைய இருக்கின்றன. யாருக்கும் பக்கத்தில் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

இப்போது நீ ஒரு பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறாய். உன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு நாடுகளைப் பற்றிச் சொல்வாய். நான் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு உண்மை பேசுவது கஷ்டமாக இருந்ததே இல்லை, அந்த உண்மை இன்னொருவர் தலையில் விழுந்துகொண்டிருந்த வரைக்கும். என் தலையில் விழும் என்றபோது ஒரு வார்த்தை வரவில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் அவள் குறையை அடுக்கிக்கொண்டிருக்காதே. உன்னுடையதை முதலில் சொல்லிவிடு, நாள் தள்ளாதே. தள்ளினால் வட்டி போட்டு வளரும். தெரியாத ஒன்றைத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளவும் பழகு. அது உன் புத்தகத்திலேயே இருக்கிறது, நாசர்தான் எனக்கு அதைப் படித்துச் சொன்னான்.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்துபோய்த் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு முழங்கால் வலியோடு நடந்தே நாசர் வீட்டுக்குப் போனாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று இன்னும் எனக்குச் சொல்லவில்லை. இன்று காலையில் டேனரியில் நானும் நாசரைக் கூப்பிட்டு, எழுதப்போகிறேன் என்று சொன்னேன். “வாணாம் நைனா, கல்யாணம் முடியட்டும்” என்றான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என் மனசு ஏழு வருஷமாகச் சொன்ன அதே பேச்சு. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

வேலை போனதற்கு என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அறியாமல் செய்தது அது, நீ படித்தவன், யோசித்துப் பார்த்தால் ஒருநாள் புரியும். அறிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதற்கு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்தில் நீ என் காலில் விழாமல் போனாலும் நான் வருத்தப்பட மாட்டேன், ஊர் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பத்திரிகைகள் அச்சாகி வந்துவிட்டன. மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள் உன் அம்மா. இரண்டாவதை யாருக்கும் கொடுக்காமல் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அதில் பெயர் எழுதவில்லை. அதை எழுதவும் வேண்டாம், தபாலில் அனுப்பவும் வேண்டாம், உன் கையால் போய் வைக்க வேண்டிய பத்திரிகை அது. அவன் வாங்கிக்கொள்வானா என்பது அவன் இஷ்டம்.

கல்யாணத்துக்கு நீ அடுத்த மாதம் வரப்போகிற வெள்ளிக்கிழமை, வேலூர் பஸ் சாயங்காலம் நாலரைக்கு பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும். டீக்கடையில் எப்போதும்போல ஆட்கள் இருப்பார்கள், ஏழு வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேராவது இருப்பார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, யார் சொன்னது என்று நான் சொல்லப்போகிறேன். நீ பெட்டியை என்னிடம் கொடுக்காதே. நாசரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவானா என்று தெரியவில்லை. நான் நிற்பேன்.

உன் நைனா